சிரிப்பு வருமுன் எழும்பிப் போகிறவள்

பண்டாரவளை
06.02.2024

அன்புள்ள உம்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் நல்ல சுகம். இங்கே குளிர்தான் குறையவில்லை; காலையில் பைப் தண்ணீர் பட்டால் விரல் மரத்துப் போகிறது. உங்கள் முழங்கால், வாப்பாவின் பிறஷர், தங்கச்சி சஹ்லாவின் வாந்தி, மூன்றையும் தனித்தனியாக எழுதுங்கள். பொதுவாக "எல்லாரும் சுகம்" என்று எழுதித் தப்ப வேண்டாம்.

இதைப் போனில் கேட்டிருக்கலாம். ஆனால் சஹ்லா போனை ஸ்பீக்கரில் போடுவாள், வீடு முழுக்கக் கேட்கும். கேட்கப்போவது பெண்களின் விஷயம். கெம்பஸ் விடுதிக் காலத்தில் இருந்து நமக்குக் காயிதம் பழக்கம்தானே.

எங்கள் ஆஸ்பத்திரியில் கர்ப்பிணிகளுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் உடற்பயிற்சி சொல்லிக் கொடுக்கும் கிளினிக் கிழமையில் இரண்டு நாள் நடக்கிறது. பிசியோ என்ற முறையில் அது என் பொறுப்பு. அந்தப் பெண்கள் வீட்டுக்குக் கொண்டுபோக ஒரு தாள் தமிழில் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். சிங்களத்தில் இருந்ததைப் பார்த்து எழுதி, இத்துடன் வைத்திருக்கிறேன். நீங்கள் ஓ.எல். வரை படித்தவர், திருத்தமாக எழுதுகிறவர். ஊர்ப் பெண் ஒருத்திக்கு இது விளங்குமா என்று பாருங்கள். விளங்காத இடத்தில் கோடு போடுங்கள்.

இன்னொன்று. வாப்பா போன கிழமை கடையில் இருந்து போன் எடுத்தார். செப்டம்பரில் மக்காவுக்கு உம்றாப் பயணம் போகும் குழுவில் உங்கள் இரண்டு பேரின் பெயரையும் கொடுக்கப் போகிறாராம். "உம்மாட்ட நீ ஒருக்கா சொல்லு மகள். நான் சொன்னா முழங்காலக் காட்டுறா" என்றார். குரல் விளையாட்டாகத்தான் இருந்தது. ஆனால் மூன்று தரம் சொன்னார்.

உங்கள் துஆவை வேண்டும்,
நப்லா


கல்முனைக்குடி
21.02.2024

என் மகள் நப்லாவுக்கு,

வ அலைக்குமுஸ் ஸலாம். நீ கேட்டபடி தனித்தனியாக எழுதுகிறேன். வாப்பாவின் பிறஷர் மருந்தில் அடங்கி இருக்கிறது. சஹ்லாவுக்கு மூன்று மாதம் முடிந்தது, வாந்தி குறைந்துவிட்டது, வாய் குறையவில்லை. என் முழங்கால் அப்படியேதான். கதிரையில் இருந்து தொழுகிறேன்.

தாளை நான்கு தரம் வாசித்தேன். "இடுப்புத்தளத் தசைகளைச் சுருக்குக" என்று எழுதியிருக்கிறாய். சஹ்லாவுக்கு வாசித்துக் காட்டினேன். "என்ன உம்மா, நப்லா தாத்தா தையல் வகுப்புத் தொடங்கிட்டாவா?" என்று கேட்டாள். சிறுநீர் போகும்போது பாதியில் நிறுத்துவது போல அந்த இடத்தை உள்ளே இழுத்துப் பிடியுங்கள் என்று எழுது. எந்தப் பெண்ணுக்கும் விளங்கும்.

"பாரம் தூக்க வேண்டாம்" என்கிறாய். எங்கள் பெண்கள் தண்ணீர் வாளியைப் பாரம் என்று நினைப்பதில்லை. மூத்த பிள்ளையையும் நினைப்பதில்லை. வாளி, பிள்ளை, அரிசி மூட்டை என்று பெயர் சொல்லி எழுது. எத்தனை நாள் என்பதையும் பெரிய எழுத்தில் போடு.

இருமும்போதும் தும்மும்போதும் சிறுநீர் கசியலாம் என்று எழுதியிருப்பது சரி. ஆனால் அது மட்டும் இல்லை. தொழுகையில் குனிந்து சுஜூதில் இருந்து எழும்பும்போது. தேங்காய் திருவிவிட்டு எழும்பும்போது. பஸ் பள்ளத்தில் இறங்கும்போது. சிரிக்கும்போதும். அதை நீ மறந்துவிட்டாய். கல்யாண வீட்டில் பத்துப் பெண்கள் இருந்து கதைக்கும் இடத்தில், சிரிப்பு வருமுன் எழும்பிப் போகிற ஒருத்தி இருப்பாள். மற்றவர்கள் அவளைப் பெருமைக்காரி என்பார்கள். இந்தத் தாள் தன்னைப் பற்றியது என்று அவளுக்கு விளங்க வேண்டும்.

வாப்பா நேற்றும் யானைக் கதையை எடுத்தார். மருமகன் றிம்சானின் கூட்டாளி ஒருவர் வந்திருந்தார். கதையில், வயலை யானை அழித்ததற்கு முறைப்பாடு சொல்லப் போனவரிடம், முறைப்பாட்டை எழுதுகிறவர் யானையின் பெயரைக் கேட்ட இடம் வரைக்கும் இருந்தேன். பிறகு அடுப்பைப் பார்க்கக் குசினிக்கு எழும்பிப் போய்விட்டேன்.

உம்றாவுக்கு இன்னும் நாள் இருக்கிறது. பார்ப்போம்.

உன்னை அல்லாஹ்விடம் ஒப்படைக்கும்,
உம்மா


பண்டாரவளை
08.03.2024

அன்புள்ள உம்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நோன்பு வர முன் இந்தக் காயிதம் கிடைக்க வேண்டும் என்று அவசரமாக எழுதுகிறேன். நான் சுகம். உங்கள் சுகத்தை இனி முழங்காலில் இருந்துதான் விசாரிக்க வேண்டும்.

நீங்கள் எழுதியதைக் கிளினிக்கில் மிட்வைஃப்மாருக்கு வாசித்துக் காட்டினேன். தங்கேஸ்வரி மிஸ் பாண்டிருப்புக்காரர், இருபத்தாறு வருட சேவை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "இது ஆர் எழுதின? எத்தின பொம்புளையளக் கேட்டு எழுதின?" என்றார். "யாரையும் கேக்கல்ல மிஸ், எங்கட உம்மா" என்றேன். எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா?

எல்லாத் திருத்தத்தையும் எடுத்துக்கொண்டேன். சுஜூதை மட்டும் "குனிந்து எழும்பும்போது" என்று மாற்றினேன், எல்லாச் சமூகத்துப் பெண்களும் வாசிப்பார்கள் என்பதால். "சிரிப்பு வருமுன் எழும்பிப் போகிறவரா நீங்கள்?" என்பதைத் தலைப்புக்குக் கீழேயே போட்டிருக்கிறேன்.

முழங்காலுக்கு ஒரு பட்டி பார்சலில் அனுப்பியிருக்கிறேன். கதிரையில் இருந்து காலை நேராக நீட்டி, பத்து எண்ணி, மெதுவாக இறக்குங்கள். காலை பத்து, மாலை பத்து. ஒன்றரை மாதத்தில் மாற்றம் தெரிய வேண்டும்.

யானைக் கதையை இங்கே சொன்னேன். நேர்ஸ்மார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நீங்கள் ஏன் உம்மா ஒருநாளும் அதற்குச் சிரிப்பதில்லை? நானும் சஹ்லாவும் சின்ன வயதில் பந்தயம் பிடிப்போம், இன்றைக்காவது உம்மா சிரிப்பாவா என்று. "உம்மா சிரிக்கிற எண்டா அரசாங்கக் கச்சேரியில பேர்மிட் எடுக்கணும்" என்பாள் சஹ்லா. வாப்பாவும் விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தார், பாவம்.

நோன்பில் எனக்காகக் கேளுங்கள்.
நப்லா


கல்முனைக்குடி
04.05.2024

என் மகள் நப்லாவுக்கு,

வ அலைக்குமுஸ் ஸலாம். பெருநாளைக்கு நீ வந்து போன பிறகு வீடு ஒரு கிழமை வெறிச்சென்று இருந்தது. இப்போது பழகிவிட்டது. எல்லாரும் நலம். சஹ்லாவுக்கு வயிறு தெரிகிறது. நீ சொல்லிக் கொடுத்த பயிற்சியைச் செய்யச் சொல்லி ஒவ்வொரு நாளும் பக்கத்தில் இருந்து பார்க்கிறேன். "உம்மா, நீங்க பிசியோவா, பொலிஸா?" என்று கேட்கிறாள்.

பட்டி கிடைத்தது. போடுகிறேன். காலையும் நீட்டுகிறேன்.

வாப்பா என் பாஸ்போட்டையும் எடுத்துக்கொண்டு வந்து அலுமாரியில் தன்னுடையதோடு சேர்த்து வைத்தார். முழங்காலைச் சொன்னேன். "நடக்க ஏலாட்டி என்ன? அங்க வீல்ச்செயார் இரிக்காம். கஃபாவச் சுத்துற ஏழு சுத்தும் நானே தள்ளுறன். நீ மகாராணி மாதிரி இரி. ஆக்கள் கேட்டா, இவ கல்முனை இளவரசி, நான் வேலைக்காரன் எண்டு சொல்றன்" என்றார்.

மகள், தாளில் ஒரு விஷயம் விடுபட்டிருக்கிறது. கசிவு உள்ள பெண்ணுக்கு, தொழ முன் கழுவி எடுக்கும் உளு நிற்காது. அவள் தொழலாமா? மக்காவில் கஃபாவைச் சுற்றி வரலாமா? அந்த ஹறம் பள்ளிவாசலில் அசுத்தம் பட்டுவிட்டால் என்ன செய்வது? இதை எந்தப் பெண்ணும் மவ்லவியிடம் போய்க் கேட்க மாட்டாள். யாருக்காகக் கேட்கிறாய் என்று அடுத்த கேள்வி வரும். நீ வெளியூரில் இருக்கிறாய், தாளுக்காகக் கேட்கிறேன் என்று சொல்லலாம். கேட்டு அதில் சேர்த்தால் பலருக்கு உதவும்.

அவசரம் இல்லை. செப்டம்பருக்கு முன் என்றால் நல்லது.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்,
உம்மா


பண்டாரவளை
22.07.2024

அன்புள்ள உம்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இரண்டரை மாதமாக எழுதாமல் இருந்ததற்கு மன்னியுங்கள். என்னோடு இருந்த பிசியோ வெளிநாடு போய்விட்டார், இரண்டு பேரின் வேலையை ஒருத்தியாகச் செய்கிறேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை, நேரம்தான் இல்லை. நீங்கள் எல்லாரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

தாள் அச்சாகிவிட்டது. இரண்டு பிரதி வைத்திருக்கிறேன். ஒன்று சஹ்லாவுக்கு.

நீங்கள் கேட்ட தொழுகை விஷயத்தை அதில் சேர்க்க முடியவில்லை. இது சுகாதாரத் தாள், உம்மா. எல்லா மதத்தவருக்கும் கொடுப்பது. மார்க்கம் எழுத அதில் இடம் இல்லை என்றார்கள், எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. பிறகு எப்போதாவது தனியாக ஒன்று எழுதலாம்.

உம்றா விஷயத்தில் நான் வாப்பாவின் பக்கம். முழங்கால் வலியோடு எத்தனை ஆயிரம் பேர் போகிறார்கள். மனது வைத்தால் போகலாம். "அவக்கு என்னோட வர விருப்பமில்ல போல" என்று வாப்பா என்னிடம் சொன்னார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அன்புடன்,
நப்லா


கல்முனைக்குடி
05.09.2024

என் மகள் நப்லாவுக்கு,

வ அலைக்குமுஸ் ஸலாம். தாயும் பிள்ளையும் சுகம், அல்ஹம்துலில்லாஹ். சஹ்லாவுக்கு இன்றோடு இருபத்துநான்கு நாள். பிள்ளை உன் நெற்றியோடு பிறந்திருக்கிறது.

இன்று வரைக்கும் அவளை ஒரு வாளி தூக்கவும் நான் விடவில்லை. நேற்று ஈர உடுப்புப் பேசினைத் தூக்கப் போனாள், பறித்துவிட்டேன். "நான் என்ன கண்ணாடிப் போத்தலா உம்மா? ஊருல ஆரும் இப்பிடிச் செய்றல்ல" என்று சத்தம் போட்டாள். போடட்டும். மூன்று மாதம் என்று தாளில் இருக்கிறது. அதற்கு ஒரு நாள் குறைய விடமாட்டேன்.

தாளில் இடம் இல்லை என்று எழுதியிருந்தாய். சரி. அரசாங்கத் தாள்தானே.

பிள்ளை பெற்றவளை விட்டுவிட்டு வர ஏலாது என்று வாப்பாவிடம் சொல்லிவிட்டேன். "சரி, நப்லாட உம்மா" என்றார். பத்தொன்பதாம் திகதி தன் தங்கையோடு போகிறார். அங்கே அவர் உடுக்கும் இஹ்ராம் துணியை நான்தான் கழுவி மடித்து வைத்தேன்.

உம்மா


கல்முனைக்குடி
16.10.2024

என் மகள் நப்லாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் காயிதம் வரவில்லை, வேலையாக இருப்பாய். வாப்பா நல்லபடியாக வந்து சேர்ந்தார். கொஞ்சம் மெலிந்திருக்கிறார். உனக்குப் பேரீச்சம்பழமும் ஒரு தஸ்பீஹ் மாலையும் வைத்திருக்கிறார்.

வந்தவுடன் என்னைக் கூப்பிட்டு, "உண்ட முழங்காலுக்கு ஏழு சுத்திலயும் துஆக் கேட்டன் புள்ள. வேற ஒண்டும் கேக்கல்ல" என்றார். மக்காவில் இருந்து கொண்டுவந்த ஸம்ஸம் தண்ணீரில் ஒரு போத்தலைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறார். அஸர் தொழுதுவிட்டு வந்து, கீழே இருந்து, ஒவ்வொரு நாளும் தன் கையால் என் இரண்டு முழங்காலிலும் தடவிவிடுகிறார். நான் காலை நீட்டிக்கொண்டு இருக்கிறேன்.

அவர் இப்போது கதை ஒன்றும் சொல்வதில்லை. யானைக் கதையையும் எடுக்கவில்லை. வயது போகிறது என்கிறாள் சஹ்லா.

உன் சுகத்துக்கு எழுது.
உம்மா


பண்டாரவளை
26.11.2024

அன்புள்ள உம்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

இன்று கிளினிக்குக்கு ஒரு பெண் வந்தார். ஐம்பத்தெட்டு வயது, தேயிலைக் கொழுந்து பறிப்பவர். கர்ப்பிணிகளின் கிளினிக்குக்கு ஏன் வந்தீர்கள் என்று கேட்டேன். மருமகளின் பையில் இருந்து எடுத்த தாளை விரித்து, தலைப்புக்குக் கீழே இருந்த வரியில் விரலை வைத்தார். "இது நான் மிஸ்" என்றார். பரிசோதித்தோம். கர்ப்பப்பை இறங்கியிருக்கிறது. முப்பது வருடமாக.

அவர் போன பிறகு நான் அடுத்தவரைக் கூப்பிடவில்லை. அந்த வரியையே பார்த்துக்கொண்டு இருந்தேன்.

உம்மா, நீங்கள் யாரையும் கேட்டு அதை எழுதவில்லை.

உங்கள் முழங்காலில் நோவு இருக்கிறதா?

பதில் எழுதுங்கள். என்னிடம் மட்டும் எழுதுங்கள்.

நப்லா


கல்முனைக்குடி
09.01.2025

என் மகள் நப்லாவுக்கு,

வ அலைக்குமுஸ் ஸலாம். நீ வாப்பாவின் மௌத்து வீட்டில் இருந்து போய் இன்று பதினெட்டு நாள். நாலு மாதமும் பத்து நாளும் வெளியே வராமல் நான் இத்தா அறையில் இருக்கிறேன். சாப்பாடு நேரத்துக்கு வருகிறது. சஹ்லாவின் பிள்ளை குப்புறப் புரளத் தொடங்கி, உருண்டு கதவடியில் வந்து முட்டுகிறது.

அந்த ஏழு நாளும் நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்தாய். வீடு நிறைய ஆட்கள். உன்னால் கேட்கவும் முடியவில்லை, என்னால் சொல்லவும் முடியவில்லை. உன் நவம்பர் காயிதம் குர்ஆன் முஸ்ஹபு வைக்கும் தட்டில் இருந்தது. பதில் எழுதி இரண்டு தரம் கிழித்தேன். அதற்குள் டிசம்பர் பதினான்காம் திகதி வந்துவிட்டது. கடையில் துணி அளந்துகொண்டு இருந்தவர் முழக்கோலோடு விழுந்தார்.

இப்போது எழுதலாம். இனி அவர் காதுக்குப் போகாது.

என் முழங்காலில் ஒன்றும் இல்லை. ஒருநாளும் இருந்ததில்லை.

நீ பிறந்தது தொண்ணூறில், நாங்கள் இறக்காமத்தில் இருந்த காலம். நீ பிறந்து ஒன்பதாம் நாள், விடியச் சுபஹ் தொழுத கையோடு, யுத்தத்துக்குப் பயந்து ஊரே வெளிக்கிட்டது. என்ன நிலைமை என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. வாப்பாவின் உம்மாவுக்கு நடக்க ஏலாது, அவரை வாப்பா முதுகில் சுமக்க வேண்டும். வீட்டில் அரை மூட்டை அரிசி இருந்தது. வாப்பா மூட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தூக்குவியா புள்ள?" என்று கேட்டார். "ஓம்" என்றேன்.

தலையில் மூட்டை, மார்போடு நீ. சம்மாந்துறைக்கு வந்து சேர நடுப்பகல் லுஹர் ஆகிவிட்டது. வழியில் ஒரு மதகில் உன்னை இறக்கி வைத்தேன். அப்போதே தெரிந்தது, உள்ளே ஏதோ இடம் விட்டு இறங்கிவிட்டது என்று. அந்த அரிசியைப் பள்ளிக்கூட முகாமில் பதினொரு பேர் சாப்பிட்டார்கள். அதனால் தூக்கியது பிழை என்று நான் நினைக்கவில்லை, இன்றைக்கும்.

அன்று தொடங்கியது. சஹ்லா பிறந்த பிறகு கூடியது. ஒரு நாளைக்கு நான்கைந்து தரம் உடுப்பு மாற்றுவேன். கல்யாண வீட்டுக்குப் போனால் கதவோரத்தில் இருப்பேன். சுஜூதுக்குப் பயந்து கதிரை எடுத்தேன். கதிரைக்கு ஒரு காரணம் சொல்ல வேண்டி இருந்தது, முழங்கால் என்றேன். நீங்கள் எல்லாரும் முழங்காலை நம்பினீர்கள். நீ பட்டி அனுப்பினாய்.

ஏன் அவரிடம் சொல்லவில்லை என்று கேட்பாய். வெட்கம் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் சொன்னால் அவர் கேட்கும் முதல் கேள்வி, எப்ப தொடங்கின என்பது. மூட்டையை அவர்தான் என் தலையில் வைத்துவிட்டார். மிச்ச நாள் முழுக்க அதை அவர் சுமக்க வேண்டாம் என்று நினைத்தேன். நான் வரவில்லை என்ற கவலை சின்னது, அதை அவர் தாங்குவார் என்று கணக்குப் போட்டேன். அந்தக் கணக்குப் பிழைத்துவிட்டது. எனக்கு அவரோடு போக விருப்பம் இல்லை என்றே நினைத்துக்கொண்டு போய்விட்டார்.

மே மாதம் நான் கேட்டதற்குப் பதில் கிடைத்திருந்தால் போயிருப்பேனா? தெரியாது. உன்னில் பிழை சொல்லவில்லை. தாளுக்காகக் கேட்கிறேன் என்றுதானே எழுதினேன்.

வாசித்ததும் இதைக் கிழித்துவிடு.

உம்மா


பண்டாரவளை
16.01.2025

உம்மா,

அஸ்ஸலாமு அலைக்கும். சுகம் விசாரிக்க எனக்கு வாய் வரவில்லை.

பதினொரு வருடமாக இந்த வேலை செய்கிறேன். அறைக்குள் வருகிற பெண் கதிரையில் எப்படி இருக்கிறாள் என்பதைப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்று நேர்ஸ்மார் என்னைப் புகழ்வார்கள். பெருநாளைக்கு ஒரு கிழமை உங்கள் பக்கத்தில் இருந்து சாப்பிட்டேன். பட்டி இறுக்கமா என்று கேட்டேன்.

மே மாதம் நீங்கள் கேட்டதற்கு ஜனவரியில் பதில் எழுதுகிறேன். பெண்களுக்கு மார்க்கம் படிப்பிக்கும் மவ்லவியா ஒருவரிடம் நேற்றுக் கேட்டேன். ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை. நேரம் வந்ததும் கழுவி, துணி வைத்து, உளுச் செய்து தொழலாம். இடையில் கசிந்தாலும் அந்தத் தொழுகை கூடும், முறியாது. உம்றாவும் செய்யலாம். இது நோய், குற்றம் இல்லை. முன்பு தொழுததையெல்லாம் நினைத்துக் கலங்க வேண்டாம் என்று சொல்லச் சொன்னார்.

என்னோடு படித்த சுஜித்தா காரைதீவில் இருக்கிறாள். இதே வேலைதான். சனிக்கிழமை வீட்டுக்கு வருவாள். முழங்காலுக்கு வந்த மிஸ் என்று சொல்லுங்கள், எல்லாரும் நம்புவார்கள். கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். இத்தாவில் இருக்கிற பெண்ணின் கதவை யாரும் தட்டாமல் திறக்க மாட்டார்கள்.

உங்கள் காயிதத்தைக் கிழிக்க என்னால் முடியவில்லை.

நப்லா


கல்முனைக்குடி
24.04.2025

என் மகள் நப்லாவுக்கு,

வ அலைக்குமுஸ் ஸலாம். இத்தா முடிந்து மூன்று நாள். முதலில் வாப்பாவின் கடை வரைக்கும் நடந்து போய்ப் பார்த்தேன். றிம்சான் நன்றாகத்தான் நடத்துகிறார். முழக்கோல் அதே இடத்தில் தொங்குகிறது.

சுஜித்தா பதின்மூன்று தரம் வந்தாள். நோன்பு மாதத்தில் தண்ணீர்கூட எங்கள் முன்னால் குடிக்க மாட்டாள், நல்ல பிள்ளை. கர்ப்பப்பை இறங்காமல் டொக்டர் வைத்த வளையம் இப்போது உறுத்துவதில்லை. பயிற்சியை ஒரு வேளையும் விடவில்லை. கல்யாணம் முடித்த நாளில் இருந்து எனக்கென்று கதவு சாத்திய அறை இருந்ததில்லை. அவர் மௌத்தான பிறகுதான் கிடைத்தது. அதில் இருந்துதான் சுகமானேன். இதை எப்படி எடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

முழுதாக இல்லை. முக்கால்வாசி என்று சொல்லலாம். பெருநாளுக்குப் பிறகு கதிரையை வெளியே எடுத்து வைத்தேன். சுஜூது செய்தேன். எழும்ப மனம் வரவில்லை. சஹ்லா பார்த்துவிட்டு, "வாப்பா கேட்ட துஆ உம்மாட முழங்காலுக்குப் பலிச்சிட்டு" என்று எல்லாருக்கும் சொல்கிறாள். நான் திருத்தவில்லை.

இதை எழுதுவதற்குக் காரணம் வேறு. முந்தாநாள் சஹ்லா பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டு, வாப்பாவின் குரலில் யானைக் கதையைச் சொன்னாள். அந்தப் பிள்ளைக்கு என்ன விளங்கும், சோறு இறங்க வேண்டும் என்று சொன்னாள். நான் கீரை ஆய்ந்துகொண்டு இருந்தேன். யானையின் பெயரைக் கேட்கிற இடம் வந்தது. என் கால் பழக்கத்தில் எழும்பப் பார்த்தது. எழும்பவில்லை. விலாசம் கேட்டார்கள், காடு என்று சொன்னார். பிறகு, "யானைட தொழில் என்ன? அந்தக் கட்டத்தையும் நிரப்பணும்" என்று கேட்டார்கள். அதற்கு அந்த வயல்காரர் சொன்னாராம்: "வேளாண்மக்காரன் எண்டு போடுங்க சேர். இந்தப் போகம் முழு வயலையும் வெட்டின அவருதானே."

முப்பது வருடத்துக்கு மேலாக அந்தக் கதை என் வீட்டில் நடந்தது. அதன் முடிவு எனக்கு அன்றுதான் தெரியும்.

சிரித்தேன் மகள். கீரை சிந்த, சத்தமாக, இருந்த இடத்திலேயே இருந்து சிரித்தேன். ஒன்றும் ஆகவில்லை. சஹ்லா சோற்றுக் கையோடு பயந்து ஓடிவந்தாள். பிறகு அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னாள். "நீங்க எழும்பிப் போன பொறகு வாப்பா கடைசி வரிய மட்டும் குசினிப் பக்கம் திரும்பிச் சத்தமாச் சொல்லுவாரு உம்மா. உங்களுக்குக் கேக்கட்டும் எண்டு."

நான் கேட்காமல் இருக்கப் பைப்பைத் திறந்து விடுவேன். அது அவளுக்குத் தெரியாது.

அந்தத் தாளை மறுபடி அச்சடிப்பீர்களா? அடித்தால் கடைசியில் ஒரு வரி சேர். வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள் என்று போடு. அவர் இருக்கும்போதே சொல்லுங்கள் என்று போடு. அரசாங்கத் தாளில் அதற்கு இடம் இருக்குமா என்று கேட்டுப் பார்.

உம்மா